பாறையில் வழுக்காத ஷூ, பாறையை நசுக்காத ஷூ

தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை என்று எங்கள் வேலூரைக் கேலி பேசுவது பழைய வழக்கம். அப்படிப்பட்ட ஊரில், லாங் பஜாரை ஒட்டிய ஒரு செருப்புக் கடையில், கடல் பாறையில் நடப்பதற்கென்றே ஒரு ஷூ விற்கிறார்கள். ‘அக்வா ஷூ’ என்று அட்டையில் எழுதி வாசலிலேயே கொத்தாகத் தொங்கவிட்டிருக்கிறார்கள். ஜோடி 650 ரூபாய் என்பார்கள். கொஞ்சம் நின்று பேசினால் 580-க்கு இறங்குவார்கள். எனக்குச் சாம்பல் நிறத்தில் ஒன்று, அண்ணன் மகளுக்குக் கறுப்பில் ஒன்று வாங்கினேன். மாமல்லபுரத்துப் பாறைகளில் இருவரும் போட்டு நடந்தோம். சாம்பல் நிற ஷூவை வாங்கலாம். கறுப்பை வாங்காதீர்கள். காரணம் நிறமில்லை, சாயம்.

நான் ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் இருபது வருடங்களுக்கு மேல் வேலை பார்த்தவள். முதலில் தையல் லைன், பிறகு தரம் பார்க்கும் செக்கர். ஷூவைக் கையில் எடுத்தால் மேல்பக்கத்தைப் பார்க்க மாட்டேன், திருப்பி அடிப்பாகத்தை, அதாவது சோலைத்தான் பார்ப்பேன். அழகு மேலே இருக்கும், குற்றம் அடியில் இருக்கும் என்பது செக்கர் மேஜையில் கற்ற பாடம். இந்த விமர்சனமும் அடியிலிருந்தே தொடங்குகிறது. ஆனால் இந்த முறை சோலுக்கும் அடியில் என்ன இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டியதாகிவிட்டது. அதற்குக் காரணம் அண்ணன் மகள். காட்பாடியில் விலங்கியல் படிக்கிறாள். கடல் வற்றும்போது பாறைப் பள்ளங்களில் தேங்கி நிற்கும் நீரையும், அதற்குள் இருக்கும் உயிர்களையும் பாடப்புத்தகத்தில் மட்டும் பார்த்து அலுத்துவிட்டது என்றாள். பாறைக்குட்டை பார்க்கக் கூட்டிப் போங்கள் அத்தை என்று ஒரே பிடிவாதம்.

ஷூ வந்ததும் அவள் செய்த முதல் வேலை, இரண்டு ஜோடியையும் தனித்தனி வெள்ளை வாளியில் உப்புத் தண்ணீர் ஊற்றி இரவு முழுக்க ஊறப் போட்டதுதான். கம்பெனியில் நாங்கள் சாயச் சோதனைக்கு வெள்ளைத் துணியை ஈரமாக்கித் தேய்த்துப் பார்ப்போம். வாளி அதைவிடக் கறாரான சோதனை என்று காலையில் ஒப்புக்கொண்டேன். சாம்பல் ஷூ கிடந்த தண்ணீர் தெளிவாக இருந்தது. கறுப்பு ஷூவின் தண்ணீர் நீர்த்த காப்பி டிகாக்ஷன் நிறத்தில் இருந்தது. மேலே எண்ணெய் மினுமினுப்பு வேறு. மூக்கை வைத்தால் ரப்பர் வாடையோடு பசைக் கரைப்பானின் வாடையும் வந்தது. அந்த வாடை எனக்குப் பழக்கம், எங்கிருந்தாலும் கண்டுபிடித்துவிடுவேன்.

நடுக்கடலில் இந்தச் சாயம் எங்கே போனது என்றே தெரியாது. பாறைக்குட்டை அப்படியில்லை. சில குட்டைகளில் ஒரு குடம் தண்ணீர்கூட இருக்காது. அடுத்த ஏற்றம் வரும்வரை பல மணி நேரம் அதே தண்ணீரில்தான் அங்குள்ள நண்டும் மீன்குஞ்சும் மூச்சுவிட்டாக வேண்டும். வெயிலில் அந்தத் தண்ணீர் சூடாகும். சூடாகச் சூடாக அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும். ஆவியாகிப் போனால் உப்பு ஏறும், மழை பெய்தால் உப்பு இறங்கும். ஏற்கெனவே இத்தனை சங்கடத்தில் இருக்கும் வீட்டுக்குள் என் ஷூவின் சாயத்தையும் கொண்டுபோய்க் கரைக்க வேண்டுமா? தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாற்றை என்ன செய்தது என்று பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த அந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்புச் சொன்னது. கெடுத்தவனே அதற்குச் செலவும் ஏற்க வேண்டும் என்ற கொள்கை நாட்டின் சட்டத்தில் ஊன்றியதில் எங்கள் ஊர் வழக்குக்குப் பெரிய பங்கு உண்டு. அந்தப் பாலாறும் கடைசியில் கல்பாக்கத்துக்குத் தெற்கே கடலில்தான் போய்ச் சேர்கிறது.

கறுப்பு ஷூவைத் தண்ணீர் தெளியும்வரை மாற்றி மாற்றி ஊற வைத்தோம். அந்தத் தண்ணீரையெல்லாம் குளியலறையில்தானே ஊற்றினோம், அது எங்கே போயிருக்கும் என்று கேட்காதீர்கள். கடைக்காரரிடம் போய்ச் சொன்னேன். அவர் கொஞ்சமும் கலங்காமல், “கடலில் போட்டு ரெண்டு நடை நடந்தால் எல்லாம் போய்விடும் அம்மா” என்றார்.

நான் முதலில் நினைத்தது டயர் செருப்பைத்தான். பழைய லாரி டயரை அறுத்துத் தைக்கும் அந்தச் செருப்பு எங்கள் பக்கத்துக் கல்லுக்கும் முள்ளுக்கும் சாகாது, பிடிமானமும் உண்டு. அண்ணன் மகள் தடுத்துவிட்டாள். டயர் ரப்பர் வெடிக்காமல் இருக்கச் சேர்க்கும் ஒரு வேதிப்பொருள் காற்றிலுள்ள ஓசோனோடு சேர்ந்து வேறொன்றாக மாறுகிறது. அமெரிக்காவின் மேற்குக் கரை ஓடைகளில் கோஹோ சால்மன் மீன்கள் மழைக்குப் பிறகு செத்து மிதந்ததற்கு அதுதான் காரணம் என்று 2020-இல் கண்டுபிடித்தார்களாம். ஒரு ஜோடிச் செருப்பால் அவ்வளவு ஆகாதுதான். ஆனாலும் தெரிந்த பிறகு மனம் ஒப்பவில்லை.

இனி சோல். அட்டையில் ‘ரப்பர் சோல்’ என்று போட்டிருக்கிறார்கள், அது உண்மை. நகத்தால் அழுத்தினால் உள்ளே போய் மெதுவாக மேலே வருகிறது. விலை குறைந்த பிளாஸ்டிக் கலவை பெரும்பாலும் இப்படி மீளாது. கனம் அரை சென்டிமீட்டர்கூட இல்லை. ஷூவை இரண்டாக மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொள்ளலாம். அடியில் துருத்தி நிற்கும் ஆழமான ரப்பர்க் கட்டைகள் கிடையாது. மெல்லிய கீறல்கள் மட்டும் வரிவரியாக ஓடுகின்றன. ஈரப் பாறையில் பிடிமானம் தருவது இந்தக் கீறல்கள்தான். மிதிக்கும்போது தண்ணீர் அவற்றின் வழியாக ஓடிவிடுகிறது, ரப்பர் நேராகக் கல்லைத் தொடுகிறது. ஆழமான கட்டைகள் சேற்றுக்கும் மலைப் பாதைக்கும் சரி. ஈரக் கல்லில் அந்தக் கட்டைகளின் நுனி மட்டுமே ஊன்றும், பாக்கி அந்தரத்தில் நிற்கும்.

இதே கடையில் 1,400 ரூபாய்க்கு மலையேறும் செருப்பும் இருக்கிறது. கடைக்காரர் அதைத்தான் எடுத்துக்கொள்ளச் சொன்னார், “எதை மிதித்தாலும் காலுக்குத் தெரியாது” என்று. அதுதான் அதன் குறை என்று மாமல்லபுரத்தில் தெரிந்தது. அன்று பாறையில் எங்களுக்கு முன்னே அதே மாதிரிச் செருப்பு போட்ட ஒருவர் செல்பேசியைத் தூக்கிப் பிடித்தபடி விறுவிறுவென்று போய்க்கொண்டிருந்தார். ஒவ்வோர் அடிக்கும் முறுக்கு கடிக்கும் சத்தம் கேட்டது. அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை. அவர் போன பிறகு குனிந்து பார்த்தோம். பாறையில் வெள்ளையாக ஒட்டியிருந்த கொட்டலசுகள் செருப்பின் கட்டை பதிந்த இடங்களில் மட்டும் தூளாகிக் கிடந்தன. உடைந்த ஓடுகளுக்குள் ஈரமாக ஏதோ துடித்தது.

கொட்டலசு என்றால் கப்பலடியில் ஒட்டும் அதே பிராணிதான். நடுவில் வாய் வைத்த சுண்ணாம்புக் கூம்பு, சில விரல் நகம் அளவு, சில அரிசி அளவு. பார்ப்பவர்கள் அதைப் பாறையின் சொரசொரப்பு என்றே நினைப்பார்கள். உண்மையில் அது இறாலுக்கும் நண்டுக்கும் உறவு. குஞ்சாக இருக்கும்போது கடலில் மிதந்து திரியும். பருவம் வந்ததும் ஒரு பாறையில் இறங்கி, உணர்கொம்பால் நடந்து தடவிப் பார்த்து, தன் இனத்தார் ஏற்கெனவே குடியிருக்கும் இடமாகப் பார்த்துத் தலைகீழாக நின்று, தலையைப் பசை வைத்து ஒட்டிக்கொள்ளும். அதோடு சரி, சாகும்வரை இடமாற்றம் கிடையாது. தண்ணீர் ஏறினால் கூம்பின் வாயைத் திறந்து இறகு மாதிரியான கால்களை வெளியே வீசி இரையை வாரிக்கொள்ளும். தண்ணீர் வடிந்தால் வாயை இறுக மூடி, உள்ளே பிடித்து வைத்திருக்கும் கொஞ்சம் ஈரத்தில் காத்திருக்கும். சார்லஸ் டார்வின் இந்தப் பிராணியின் பின்னால் 1846 முதல் 1854 வரை எட்டு வருடங்கள் அலைந்தாராம். அண்ணன் மகள் இதைச் சொன்னபோது எனக்கு அந்தப் பசையின் மேல்தான் கண். ஓயாமல் அலை அடிக்கும் ஈரப் பாறையில், சொரசொரப்பாக்கும் அரைப்பு இல்லாமல், பிரைமர் என்ற முன்பூச்சு இல்லாமல், சூட்டடுப்பு இல்லாமல் அது ஒட்டுகிறது. எங்கள் லைனில் சோல் ஒட்ட இத்தனையும் வேண்டும், அப்படியும் நாள்தோறும் நாலு ஜோடி பிரிந்து என் மேஜைக்கு வரும்.

மெல்லிய சோலின் அருமை இங்கேதான். பாதத்துக்குக் கீழே மணலா, வழவழப்பான கல்லா, கொட்டலசா என்று இந்த ஷூ உடனே சொல்லிவிடுகிறது. முழு எடையையும் இறக்குவதற்கு முன்னால் காலை மீட்டுக்கொள்ள நேரம் இருக்கிறது. நடை தானாகவே மெதுவாகிவிடுகிறது. எங்கே வைக்கலாம் என்று பார்த்துப் பார்த்துத்தான் வைக்கிறோம். வைக்கத் தகுந்த இடங்கள் இரண்டே: பாறைகளுக்கு இடையே ஓடும் மணல் தடம், ஒன்றும் ஒட்டாத வெறும் பாறை. கொட்டலசும், நூல் விட்டுப் பாறையைப் பற்றியிருக்கும் சிப்பிகளும் நெருக்கமாக இருக்கும் இடத்தைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். ஒரு சிப்பி நசுங்கினால் அதன் நூல் பிடித்திருந்த பக்கத்துச் சிப்பிகளும் தளர்ந்து அடுத்த பெரிய அலையில் போய்விடலாம்.

பச்சைப் பாசியில் இந்த ஷூ வழுக்கும். விளம்பர அட்டை என்ன சொன்னாலும் வழுக்கும். இதை ஷூவின் குறையாக நான் எழுத மாட்டேன், ஏனென்றால் பாசியில் நம்பி நிற்கக்கூடிய மெல்லிய ரப்பர் சோலை நான் இதுவரை பார்த்ததில்லை. அங்கே கால் வைக்க வேண்டிய அவசியமும் இல்லை. அந்தப் பாசி கூம்பு ஓட்டு நத்தைகளின் மேய்ச்சல் நிலம். தண்ணீர் இருக்கும்போது ஊர்ந்து போய்ப் பாசியைச் சுரண்டித் தின்னும் இந்த நத்தைகளில் பல வகைகள், வற்றுவதற்குள் திரும்பி வந்து தம் பழைய இடத்திலேயே அமர்ந்துகொள்ளும். அந்த இடத்தின் மேடுபள்ளத்துக்கு ஏற்றபடி ஓட்டின் விளிம்பு தேய்ந்து பொருந்தியிருக்கும். அதனால் உள்ளே ஈரம் நிற்கும். ஒன்றைப் பெயர்த்துப் பார்த்துவிட்டு வேறிடத்தில் வைத்தால் வெயிலில் காய்ந்து செத்துவிடக்கூடும். லாஸ்ட் என்ற கால் அச்சுக்குத் தக்கபடி ஷூவின் மேல்பாகத்தை இழுத்துப் பொருத்துவதைப் பார்த்துக் கண்பழகியவள் என்பதால், இதை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓட்டுக்கும் பாறைக்கும் நடுவே ஒரு தாள்கூட நுழையாது.

உட்கார்ந்து பார்ப்பதற்கு இந்த ஷூ அருமை. சோல் மடங்குவதால் குதிகாலை ஊன்றிக் குந்தலாம். கெட்டிச் சோலில் முன்னங்காலில் தொங்க வேண்டியிருக்கும், முட்டி வலிக்கும், சாய்ந்து கையை ஊன்றுவோம், ஊன்றும் இடத்தில் யாராவது குடியிருப்பார்கள். ஒரு குட்டையின் ஓரம், எங்கள் நிழல் தண்ணீரில் விழாத பக்கமாக உட்கார்ந்தோம். முதலில் ஒன்றுமே இல்லை, கல்லும் மணலும்தான். பேசாமல் இருந்தால் குட்டைக்கு நம் பயம் போய்விடும் என்றாள் அவள். கொஞ்ச நேரத்தில் ஒரு சங்கு நடக்க ஆரம்பித்தது. துறவி நண்டு. அதன் முதுகுச் சங்கு இரவல், ஏதோ செத்த நத்தையுடையது. பக்கத்தில் கிடந்த இன்னொரு காலிச் சங்கை அது நின்று, காலால் உருட்டி, வாய்க்குள் கொடுக்கை விட்டு அளந்து பார்த்தது. பிடிக்கவில்லை போலிருக்கிறது, விட்டுவிட்டது. கல்லோடு கல்லாக இருந்த ஒரு குட்டி மீன் வாலை அசைத்தபோதுதான் அது மீன் என்றே தெரிந்தது. விளிம்பில் குழைந்த ஜெல்லிக் கட்டியாக ஒட்டியிருந்தது கடல் சாமந்தி. தண்ணீருக்கு வெளியே இருப்பதால் கைகளை உள்ளே இழுத்துச் சுருங்கியிருந்தது. தொட்டால் விரலில் ஒட்டும் என்று யாரோ சொல்லக் கேட்டிருக்கிறேன். தொடவில்லை. அண்ணன் மகளின் கட்டளை அது. சன் ஸ்கிரீன் பூசிய கையைத் தண்ணீரில் நனைக்கவும் விடவில்லை. பவளத்துக்குக் கேடு என்று சில வகை சன் ஸ்கிரீன்களின் விற்பனையையே ஹவாய் மாநிலம் 2021 தொடக்கத்திலிருந்து தடுத்துவிட்டதாம். நாங்கள் முழுக்கைச் சட்டையும் தொப்பியும் போட்டுக்கொண்டோம்.

பக்கத்துக் குட்டையில் ஒரு குடும்பம் பிளாஸ்டிக் டம்ளரில் நண்டு பிடித்துக்கொண்டிருந்தது. அவ்வளவு கொஞ்சத் தண்ணீர் வெயிலில் எத்தனை நேரத்தில் சுடும்? அண்ணன் மகள் அந்தப் பையனைக் கூப்பிட்டு எங்கள் குட்டையின் ஓரத்தில் உட்காரவைத்தாள். சங்கு நடப்பதைப் பார்த்ததும் அவன் டம்ளரைக் கவிழ்க்க ஓடினான். எடுத்த குட்டையிலேயே கவிழ்க்க வேண்டும் என்று பின்னாலேயே போய்ச் சொன்னாள். அவன் அப்பா கல்லைப் புரட்டப் போனார். கல்லின் அடிப்பக்கம் இருட்டிலும் ஈரத்திலும் வாழ்பவர்களின் வீடு, மேல்பக்கம் வெளிச்சம் வேண்டியவர்களின் வீடு. புரட்டிப் போட்டுவிட்டுப் போனால் இரண்டு வீடும் காலி. இதை அவள் சொன்ன பிறகு அவர் கையை எடுத்துவிட்டார். காலிச் சங்குதானே என்று பொறுக்கியவர்களும் உண்டு. துறவி நண்டு அளந்து பார்த்ததைக் கண்ட பிறகு காலி என்று எதைச் சொல்வது? மாமல்லபுரம் கடைகளில் தோரணமாகத் தொங்கும் சங்குகளைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும், இங்கே வேண்டாம்.

போகும் நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வேலூரிலிருந்து காஞ்சிபுரம், செங்கல்பட்டு வழியாக நூற்று முப்பது கிலோமீட்டருக்குக் குறையாது. அவ்வளவு தூரம் போய்ப் பாறை முழுகிக் கிடந்தால் வயிற்றெரிச்சல்தான். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் அதிகமாக ஏறும், அதிகமாக வற்றும். நேரம் நாளுக்கு ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளிப் போகும். வற்று முடிவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போய்விட்டுக் கடல் திரும்பும்போது நாமும் திரும்பிவிட வேண்டும். ஆனால் நம் கரையில் ஏற்றத்துக்கும் வற்றுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீட்டர் அளவுதான். குஜராத்தின் கட்ச் வளைகுடாவில்போல மைல் கணக்கில் தரை தெரியாது. அதனால் கடல் ஏறி இறங்கும் நேரம் சொல்லும் ஓத அட்டவணையை மட்டும் நம்பக்கூடாது, அலையையும் பார்க்க வேண்டும். கடலின் நிலையைக் கணித்துச் சொல்லும், ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் மையம் உயர் அலை எச்சரிக்கை விட்டிருந்தால் பயணத்தையே தள்ளிப் போடுங்கள். கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குனிந்து பார்க்க வேண்டாம். சிற்பம் செதுக்கிய பாறைகளில் எந்த ஷூவோடும் ஏற வேண்டாம். 1984 முதல் அந்த ஊர்ச் சின்னங்கள் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கின்றன, அதற்கு முன்பும் அவை ஏறுவதற்கு உரியவையாக இருந்ததில்லை.

மீண்டும் என் மேஜைக்கு வருகிறேன். குறைகள்: மேல் வலைத்துணி வழியாக நுண்மணல் உள்ளே புகுந்து, பாதம் படும் உள்விரிப்பான இன்சோலுக்கு அடியில் தங்குகிறது. இன்சோலை நாலு புள்ளி பசையில் ஒட்டியிருக்கிறார்கள், அது முதல் நனைப்பிலேயே எழும்பிவிட்டது. ஒருவகையில் நல்லதுதான், எடுத்துக் கழுவலாம். குதிகால் தையல் நெருக்கமாகவும் நேராகவும் இருக்கிறது, அங்கே குறை சொல்ல மாட்டேன். முன்பக்கம் விரலை மறைக்கும் ரப்பர் மூடிக்குத் தையலே கிடையாது, வெறும் பசை. வலது காலில் வீடு திரும்புவதற்குள் ஓரம் பிரிந்துவிட்டது. எங்கள் கம்பெனியில் இது நேராக ரிஜெக்ட் பெட்டிக்குப் போயிருக்கும். பிரிந்து விழும் ரப்பர் துண்டு பாறையிடுக்கில் போய்ச் சொருகிக்கொண்டால் யார் எடுப்பது? போவதற்கு முன்பே விரலால் இழுத்துப் பார்த்துவிடுங்கள்.

வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, முழுக்கக் காய வையுங்கள், நிழலில். உப்பு தங்கினால் ஷூ கெடும் என்பது ஒரு காரணம். ஒரு கரையின் பாசித் துணுக்கும் குஞ்சும் ஈரச் சோலில் ஒட்டிக்கொண்டு இன்னொரு கரைக்குப் போகக்கூடாது என்பது இன்னொன்று. அண்ணன் மகளுக்கு அடுத்து ராமேஸ்வரத்துப் பக்கம் மன்னார் வளைகுடாக் கரையிலுள்ள மண்டபம் என்ற ஊருக்குப் போக வேண்டுமாம், அதனால் அவளே முனைந்து பிரஷ் போட்டுத் தேய்த்தாள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா, நினைத்தபடி போய் இறங்க முடியாது என்று நினைவூட்டினேன். எனக்குத் தெரியாதா அத்தை என்றாள்.

அளவு: நீங்கள் ஆறு போடுகிறவர் என்றால் ஏழு வாங்குங்கள், விரல்நுனி இடிக்கிறது. போட்டுப் பார்த்து, குந்திப் பார்த்து வாங்குங்கள். இந்தக் கடையில் அளவு மாற்றித் தர மாட்டார்கள், பில் காட்டினாலும் சரி, வாதாடினாலும் சரி. கோட்டைக்கு வெளியே மரத்தடியில் செருப்பு தைப்பவரிடம் விரல் மூடியைச் சுற்றி நைலான் நூலில் ஒரு தையல் போட்டுக்கொண்டேன், 60 ரூபாய். அவரும் ஷூவை வாங்கியதும் முதலில் திருப்பித்தான் பார்த்தார். சோல் பரவாயில்லை, பசைதான் சரியில்லை என்றார்.